துடைத்த கொடிக்கயிறு

மார்ச் 6, வியாழன்

எட்டு மணிக்கே வெயில். வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். வேறெங்கும் சொல்ல முடியாவிட்டால் இங்கேயாவது.

திங்கள் காலை. பின்தெருவில் காலியாகக் கிடக்கும் குவார்ட்டர்ஸுக்கு முருங்கைக்கீரை பறிக்கப் போனேன். எங்கள் வீட்டு மரம் போன வருஷமே போய்விட்டது. ஆள் வைத்து வெட்டியவன் பக்கத்து வீட்டுத் தண்டபாணி. சுரங்கத்தில் கன்வேயர் சூப்பர்வைசர், யூனியனில் பெரிய மனிதர். இனி வெறும் த. முழுப் பெயருக்கு மை வீண்.

காலி வீட்டின் பின்கதவு திறந்திருந்தது. கூடத்தில், மின்விசிறிக் கொக்கியில், ஆரோக்கியசாமி. த.வின் கீழ் வேலை பார்த்த கான்ட்ராக்ட் தொழிலாளி. கம்மாபுரம் பக்கத்துக்காரன். கீழே கவிழ்ந்த ஸ்டூல், காலி பிராந்தி பாட்டில். பார்த்ததும் புரிகிற காட்சி. புரிய வேண்டும் என்றே வைத்தது போல.

கூட்டம். போலீஸ். எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்று மட்டும் கேட்டார்கள். சொன்னேன். கீரையை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து உறுத்துவது கயிறு. நீல நைலான். அந்த வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடக் கட்டியிருந்த கொடியை அறுத்து எடுத்தது. இந்த ஊரில் வெளியே கட்டிய கொடி சில நாள் சும்மா இருந்தால் போதும், கரித்தூசி பனியில் ஊறி அப்பிக்கொள்ளும். துடைக்காமல் டவுன்ஷிப்பில் யாரும் கொடியில் கை வைப்பதில்லை. வாழ வந்த மருமகளுக்கு முதலில் சொல்லித்தருவதே இதைத்தான். அந்த வீடு காலியாகி ஒரு வருஷமாவது இருக்கும். கொல்லைத் தூணில் அறுபட்டு நின்ற மிச்ச முனை கன்னங்கரேல். கொக்கியில் தொங்கியது பளிச்சென்று நீலம்.

சாகப் போகிறவன் கயிற்றைத் துடைத்துவிட்டா கட்டுவான்?

லேபில் என் வேலை: நிலக்கரி சாம்பிள்கள், சாம்பல் அளவு, ஈரம். முதல் வகுப்பு எம்.எஸ்ஸி. இன்னும் அதே ஸ்டூல். எனக்குப் பின்னால் சேர்ந்தவன் ஏ.சி. அறையில்.

மார்ச் 7, வெள்ளி

அரை நாள் லீவு. கம்மாபுரம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஆரோக்கியசாமியின் மனைவி மரியசெல்வியைப் பார்த்தேன். சின்ன வீடு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இன்னும் திருப்பித் தரப்படாமல்.

"புதன்கெழம சாம்பல் புதன் சார். நாப்பது நாளு கறி தின்னக் கூடாது, இப்பவே தின்னுக்கறன்னு ஞாயித்துக்கெழம ரெண்டு வாட்டி தின்னாரு. ஈஸ்டருக்குப் பெரியவளுக்குக் கவுனு எடுக்கணும்னு பேசிக்கினே கை கழுவுனாரு. அந்த மனுசனா போயி தொங்குவாரு?"

அப்புறம்தான் போன் வந்திருக்கிறது. த.விடமிருந்து. காலி குவார்ட்டர்ஸ் ஒன்றைச் சுத்தம் செய்ய வேண்டும், வா என்று.

கொடியைத் துடைக்கும் வழக்கம் உண்டா என்று கேட்டேன். பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எங்க வூட்ல கொடிய எவன் சார் தொடைக்கறான்? துணிய ஒதறிப் போட்டா ஆச்சு. அதெல்லாம் குவார்ட்டர்ஸ்காரங்க பண்றது."

அதேதான். குவார்ட்டர்ஸ்காரன் செய்தது. அதிலும் வெள்ளைச் சட்டைக்காரன். த. ஸ்கூட்டர் சீட்டைத் துடைப்பான், டீக்கடை பெஞ்சைத் துடைப்பான், யூனியன் மேடை நாற்காலியைத் துடைப்பான். கை தானாகப் போகும்.

திரும்பும்போது மரியசெல்வி சொன்னது: "பள்ளிக்கூடத்துல தூக்குல தொங்கனவன் புள்ளைன்னு சொல்றாங்களாம். சின்னவ போவமாட்டங்கறா."

மார்ச் 8, சனி

காரணத்தையும் எழுதி வைக்கிறேன். தீபாவளிக்கு முன் சுரங்கத்தில் ஒரு சாவு. கன்வேயருக்குள் ஆள் இருக்கும்போதே பெல்ட்டை ஓடவிட்டார்கள். செத்தவனின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். ஓடவிடச் சொன்னது த. பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் மூன்று கான்ட்ராக்ட் தொழிலாளிகள். இப்போது வெளியூரிலிருந்து விசாரணை அதிகாரி வரப் போகிறார்.

மூவரில் வேல்முருகன் பொங்கலுக்குப் பிறகு காடாம்புலியூர் முந்திரித் தோப்பில் செத்துக் கிடந்தான். பூச்சிமருந்து குடித்துவிட்டான் என்றார்கள். இரண்டாவது ஆரோக்கியசாமி. மிச்சம் அய்யனார்.

காலை ஸ்டேஷன் போனேன். போகும் வழியெல்லாம் ஒத்திகை. உட்கார்ந்ததும் வாயில் வந்தது: "தண்டபாணியை நீங்கள் விசாரிக்க வேண்டும்."

எஸ்.ஐ. பேனாவை மூடினார். "ஏட்டய்யா, நம்ம முருங்கமரம் சார் வந்திருக்காரு. டீ சொல்லுங்க."

எனக்கு அங்கே அதுதான் பெயர் போலிருக்கிறது.

"சார், மரம் வெட்டுனதுக்கு ஒரு பெட்டிஷன். வண்டி நிறுத்துனதுக்கு ஒண்ணு. தண்ணி மோட்டார் சத்தத்துக்கு ஒண்ணு. இப்ப கொலையா? அவரு சாவியக் குடுத்துட்டு யூனியன் கூட்டத்துக்குப் போய்ட்டாரு. அந்தாளு குடிச்சிட்டு வீட்டுக் கஷ்டத்துல..."

"சார், அந்தக் கயிறு" என்று ஆரம்பித்தேன். போன் வந்தது. டீ வந்தது. சர்க்கரை அதிகம். பேசிக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

பெட்டிஷன்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

தண்ணீர் ஏழரைக்கு நின்றது. அரைத்த மாவு புளித்துவிட்டது. என் மனைவியின் மூஞ்சி அதைவிட.

பத்து மணிவாக்கில் மதிலுக்கு அந்தப் பக்கம் த.வின் மனைவி குரல்.

"இத எங்க போட்டுத் தொடச்சீங்க? புதுத் துண்டு! ஊறவச்சு ஊறவச்சுப் பாக்கறேன், தண்ணி கரியாவே வருது."

"தூக்கிப் போடுடி."

"எங்கம்மா எடுத்துக் குடுத்தது!"

"போடுன்னா போடு."

இங்கே நான் பல்பொடி கையோடு நின்றேன். துடைத்த துணி செத்தவன் பக்கத்தில் எங்கும் இல்லை. கூட்டத்தோடு நின்று நானும்தான் பார்த்தேனே. கால்மணி நேரத்தில் அவர்கள் கொல்லையில் புகை. மாவிலைச் சருகோடு வேறு ஏதோ கருகும் நாற்றம்.

மதில் ஏறிக் குதிக்க வேண்டும் என்று தோன்றியது. ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வலி. ஏறினாலும் சொல்வார்கள்: முருங்கமரம் சார் அடுத்த வீட்டுக் கொல்லையில் குதித்தார் என்று.

எப்படித் தூக்கினான், கூட யார் இருந்தார்கள், தெரியாது. அது கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேலை.

மார்ச் 10, திங்கள்

அய்யனாரைப் பிடித்தேன். ஷிஃப்ட் முடிந்து வரும்போது, முத்தாண்டிக்குப்பம் ரோட்டு டீக்கடையில். ஒல்லி. முப்பது இருக்கலாம். கண்ணுக்குள் சுரங்கத் தூசி.

"தண்டபாணி சாருதான், வர்ற ஞாயித்துக்கெழம அந்தப் பின்தெருவுல காலி குவார்ட்டர்ஸ் ஒண்ணு கிளீன் பண்ணணும், வந்துருடான்னாரு சார்."

அதே வார்த்தை. அதே கிழமை. என் டீ ஆறிப்போனது.

"போகாதே."

"போவலன்னா திங்கக்கெழம கேட்ல பாஸ் புடுங்கிடுவாரு. அந்த பாஸ்லதான் சார் எங்க அடுப்பு எரியுது."

"போனால்?"

க்ளாஸை ஊதிக்கொண்டே இருந்தான். "ஆரோக்கியண்ணனுக்குக் கடன் தொல்லன்னு பேசிக்கினு இருக்காங்க. எனக்கு அதுகூடச் சொல்ல முடியாது. எனக்கு எவன் சார் கடன் குடுத்தான்?" சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். உடனே வெட்கமாக இருந்தது.

"ஒங்க பேரச் சொல்லி ஸ்டேஷன்ல சொல்லட்டா சார்?"

என் பெயரைச் சொன்னால் உன்னையும் சேர்த்துத் துரத்துவார்கள் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

லேபில் பாதி, வீட்டில் பாதி எழுதி முடித்தேன். கடலூரில் இருக்கும் போலீஸ் மேலதிகாரிக்குக் கடிதம். நான்கு பக்கம். நல்ல தமிழ். மனைவியிடம் கொடுத்தேன். சாம்பாருக்குக் கரண்டி போட்டபடி படித்தாள்.

"கயிறு எங்க வருது?"

"மூன்றாம் பக்கம்."

"முருங்க மரம்?"

தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.

"முதல் பக்கம்" என்றாள் அவளே. "பெரிய குவார்ட்டர்ஸ் கிடைக்காம போனது ரெண்டாம் பக்கம். அந்த அய்யனாரு நாலாவது பக்கம், அதுவும் கடைசில. யாருங்க அதுவரைக்கும் படிப்பாங்க?"

"எல்லாம் உண்மை."

"உண்மைதான். யாரு இல்லன்னா? கீழ உங்க பேரப் பாத்ததும் அந்த எஸ்.ஐ.கிட்டதான் கேப்பாங்க. அவரு என்ன சொல்லுவாரு?"

சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

மார்ச் 12, புதன்

மேகம். மழை வராது, புழுக்கம்தான்.

கடிதத்தை வெட்டினேன். மரம் போனது. வண்டி, மோட்டார், குவார்ட்டர்ஸ் போயின. சொந்த விரல்களை வெட்டுவது போல. இப்போது அரைப் பக்கம்:

ஸ்டேஷனில் இருக்கும் நீலக் கயிற்றை எடுத்துப் பாருங்கள். காலி வீட்டுத் தூணில் நிற்கும் மிச்ச முனையோடு வைத்துப் பாருங்கள். ஒன்று துடைத்தது, ஒன்று துடைக்காதது. துடைத்த துணி எங்கே என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்ய வா என்று ஆரோக்கியசாமியை அழைத்தவர் வரும் ஞாயிறு அய்யனாரை அழைத்திருக்கிறார். அதற்குள் வாருங்கள்.

விசாரணை அதிகாரிக்கு ஒரு பிரதி.

கயிற்றுக்கு யார் மேலும் பகை இல்லை. அது சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். இருபத்தெட்டு வருஷச் சர்வீஸில் என் பெயருக்கு வந்த மதிப்பு இதுதான்.

ஸ்பீட் போஸ்ட் என்றால் அனுப்புநர் பெயர், போன் நம்பர் கேட்பார்கள். ஆகவே மார்க்கெட் பக்கத்துச் சிவப்புப் பெட்டி. நாளை காலை எடுத்தால் வெள்ளிக்கிழமை போய்விடும். போகாவிட்டால்? ஞாயிறு விடிந்ததும் அந்தக் காலி வீட்டு வாசலில் நிற்பேன். கீரை பறிக்க. கேட்டால் அதைத்தான் சொல்வேன். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், நான்தான் முருங்கமரம் சார் ஆயிற்றே.

ஒன்றுதான் தாங்கவில்லை. த. மாட்டினாலும், மாட்டிவிட்டது நான்தான் என்று அவனுக்குத் தெரியவே போவதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருமுறை என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் அவன். அதற்காகவே இரண்டு தடவை கையெழுத்துப் போட்டு, இரண்டு தடவையும் கிழித்தேன்.

மூன்றாவது தடவை எழுதியதில் கையெழுத்து இல்லை, கீழே வெறும் இடம். உறையை ஒட்டியாகிவிட்டது. செருப்பு போடுகிறேன்.