சோப்புத் தண்ணீர் ஊற்றிய இடம்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா பார்த்துக்கொள்ளும் விடுதிப் புல்வெளி காய்கிறது. காயவைத்தது நான்தான்.

துணி துவைத்த தண்ணீரைப் பின்பக்கச் சாக்கடையில் கொட்டச் சொல்லி அம்மா தினமும் என்னைத்தான் அனுப்புகிறாள். இருட்டில் அங்கே ஒரு தவளை உட்கார்ந்திருக்கும், உள்ளங்கை அளவு. அதற்குப் பயந்து, ஒரு வாரமாகப் புல்வெளி ஓரத்திலேயே கொட்டிவிட்டு ஓடி வந்துவிடுகிறேன். இன்று பார்த்தால் அந்த இடம் ஒரு பாய் அகலத்துக்குப் பழுப்பு.

மார்ச் 5, வியாழன்

இப்போது இரண்டு பாய்.

மார்ச் 6, வெள்ளி

விடுதி மேலாளர் அம்மா வந்து பார்த்தார். "மாசக் கடைசியில இங்கதான் விருந்து. அதுக்குள்ள பச்சையாகலைன்னா வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்." அப்பா தலையை மட்டும் ஆட்டினார். ராத்திரி சாப்பிடவில்லை.

வேலை போனால் விடுதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் இரண்டு அறையும் போகும். தண்ணி ஊத்தினது ஒரு குத்தமா? குத்தம்தான். வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டி —

மார்ச் 7, சனி

சொல்லிவிட்டேன்.

அப்பா செம்பருத்தியில் அப்பியிருந்த மாவுப்பூச்சியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அழுகைதான் முதலில் வந்தது, பிறகுதான் பேச்சு.

அப்பா திட்டவில்லை. "வாசல் கேட் பக்கமும் ஊத்தினியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. அவ்வளவு தூரம் யாரு தூக்குவா?"

"அங்கயும்தானே காஞ்சு கிடக்கு. தண்ணி பத்தலைன்னு நினைச்சு நானும் குழாயைத் திறந்து திறந்து விட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "புழுவா இருந்தா சோப்புத் தண்ணிக்கு மேல வந்துடும். எங்க, உன் வாளியை எடுத்துட்டு வா."

சோப்புத் தண்ணீர் கலக்கி, பழுப்பும் பச்சையும் சேரும் இடத்தில் ஊற்றிவிட்டுக் குத்தவைத்துக் காத்திருந்தோம். ஐந்து நிமிஷம் இருக்கும். புல்லடியிலிருந்து ஒரு புழு நெளிந்து மேலே வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

"அடேயப்பா, ஊரே குடியிருந்து புல்லைத் தின்னிருக்கு," என்று அப்பா சிரித்தார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தேன்.

அக்கா எட்டிப் பார்த்து, "ஒரு வாரமா புழுவையெல்லாம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருக்கா இவ," என்றாள். போடி.

மார்ச் 8, ஞாயிறு

அதுகள் ராத்திரியில்தான் மேயுமாம், என் எழுத்தைப் போல. அதனால் பொழுது சாய்ந்ததும் அப்பா மருந்து அடித்தார். புல்லை ஒட்ட வெட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

மார்ச் 13, வெள்ளி

மறுபடி வாளி. பத்து நிமிஷம் காத்திருந்தோம். இரண்டே புழு.

மார்ச் 19, வியாழன்

பழுப்புக்குள் ஊசி ஊசியாகப் பச்சை. பள்ளிக்கூடம் போகும்போது ஒருமுறை, வரும்போது மூன்றுமுறை பார்த்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

விருந்து முடிந்தது. மேலாளர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தார். அப்பா ராத்திரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 4, சனி

மருந்து அடிக்கும் கருவிக்குப் பக்கத்தில் அப்பா ஒரு ஆணி அடித்து என் வாளியை மாட்டியிருக்கிறார். மாதம் ஒருமுறை புழு பார்ப்பது என் வேலை.

இன்று துவைத்த தண்ணீரைச் சாக்கடையிலேயே கொட்டினேன். தவளை அங்கேதான் இருந்தது. புழு என்றால் அதற்கு உயிராம், அப்பா சொன்னார். நாளைக்கு அதைப் புல்வெளிப் பக்கம் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.