நீல ஃபில்ட்டரில் குறைந்த வெளிச்சம்

மார்ச் 3
சிவப்பு சரி, பச்சை சரி. நீலத்தில் மட்டும் கணக்கு உதைக்கிறது.

தொலைநோக்கிக்குள் நுழையும் வெளிச்சத்தில் எவ்வளவு கேமராவுக்குப் போய்ச் சேரும் என்று சொல்வது என் வேலை. கண்ணாடிகள் இவ்வளவு திருப்பும், லென்ஸ்கள் இவ்வளவு விழுங்கும், ஃபில்ட்டர் இவ்வளவு விடும் — எல்லாவற்றையும் பெருக்கினால் விடை. நீல ஃபில்ட்டரில் நூறு வரவேண்டிய இடத்தில் தொண்ணூற்றொன்றுதான் வருகிறது. எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் அதே கதை.

மார்ச் 5
என் வரைபடத்தைப் பார்த்ததும் இயக்குநர் ஒரே போடாகப் போட்டார். பெரிய கண்ணாடியின் அலுமினியப் பூச்சு கெட்டுவிட்டதாம். பூச்சு கெட்டால் முதலில் அடிவாங்குவது நீலம்தான். அதைக் கரைத்து எடுத்துவிட்டு வெளி நிறுவனத்தை வைத்துப் புதிதாகப் பூசுவதாம். இனிக் கண்ணாடிப் பொறுப்பும் அவர்களுக்கே.

அந்தப் பூச்சைப் போட்டவர் அக்கா. சொந்த அக்கா இல்லை. இங்கே எல்லாருக்கும் அவர் அக்காதான். எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வரைபடம் என்னுடையது. வேறு காரணமும் இருக்கலாம் என்றுகூட நான் சொல்லவில்லை. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 6
அக்காவைப் பார்க்கப் போனேன், வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக. அவரோ பெரிய கண்ணாடியோடு சேர்த்துப் பூசிய சின்னத் துண்டு ஒன்றை எடுத்து என் கண்முன் அளந்து காட்டினார். பூச்சில் குறையில்லை. ஆனால் அது பெட்டிக்குள் பத்திரமாக இருந்த துண்டு, இயக்குநர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

"எனக்காகப் பரிதாபப்பட்டு உன் கணக்கை மாத்திடாத. கெட்டிருந்தா நானே கரைச்சு எடுத்துடுவேன். கெட்டிருக்கான்னு முதல்ல தெரியணும்ல?"

நன்றாகத் திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

மார்ச் 9
மண்டையில் அடித்துக்கொள்கிறேன். ஃபில்ட்டரின் எண்கள் வெளிச்சத்தை நேராகச் செலுத்தி அளந்தவை. தொலைநோக்கியிலோ வெளிச்சம் கூம்பாகக் குவிந்து, ஓரங்களிலிருந்து சாய்ந்து வருகிறது. சாய்ந்து வந்தால் ஃபில்ட்டர் விடும் நிறம் கொஞ்சம் ஊதாப் பக்கம் நகரும். அந்தப் பக்கத்து வெளிச்சம் என்றால் நம் லென்ஸ்கள் மிச்சம் வைக்காது. சிவப்பும் பச்சையும் நகர்ந்தாலும் தப்பித்துவிடும்.

இதுதானா? இல்லை, அக்காவுக்காக நான் தேடிப்பிடித்த சாக்கா?

சோதிக்க வழி இருக்கிறது. தொலைநோக்கிக் குழாயின் வாய் ஓரத்தைச் சுற்றி மறைத்துவிட்டால் அதிகம் சாய்ந்த வெளிச்சம் வராது. மறைத்த பரப்பின் பங்கைக் கழித்துவிட்டு, மறுபடி நூற்றுக்கு எவ்வளவு என்று பார்க்கலாம். பூச்சுதான் காரணமென்றால் குறை அப்படியே நிற்கும்.

மார்ச் 11
கறுப்புத் துணியில் வளையம் வேண்டும். என் வீட்டுக்காரர் தையற்காரர். நான் கொடுத்த துணி எதுவும் இதுவரை சொன்ன நாளில் வந்ததில்லை. யாருக்கு என்றார். தொலைநோக்கிக்கு என்றேன்.

"கழுத்து எவ்வளவு இறக்கம்?"

கிண்டல் அதோடு சரி. கடை வேலையை ஒதுக்கிவிட்டு, பொட்டு வெளிச்சம் கசியாமல் இரட்டைத் துணியாகத் தைத்துக் கொடுத்தார். இந்த மனிதரை நான் போதுமான அளவு கொண்டாடுவதில்லை.

மார்ச் 12
மேகம்.

மார்ச் 13
மேகம். அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேருமே வேலையைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச் 14
துணி கட்டியதும் தொண்ணூற்றெட்டு! அவிழ்த்தால் மறுபடி தொண்ணூற்றொன்று. நம்பாமல் இன்னொரு தடவை கட்டினோம் — தொண்ணூற்றெட்டு. அக்கா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் திரும்பவெல்லாம் இல்லை, அங்கேயே அழுதேன்.

மார்ச் 17
கண்ணாடியில் குறையில்லை, குறை என் கணக்கில் என்று அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். இயக்குநர் இரண்டு முறை படித்தார். பூச்சு இருக்கட்டும், நீலத்தில் படமெடுக்கக் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம் என்றார். அக்காவிடம் அரைகுறையாக மன்னிப்புக் கேட்டார். அக்கா அதை முழுசாக ஏற்றுக்கொண்டார். எப்படித்தான் முடிகிறதோ!

மார்ச் 20
அக்கா பெரிய கண்ணாடியைக் கழுவும் நாளில் அந்த அறைக்குள் ஒருவரும் நுழையமுடியாது. இயக்குநருக்கே வாசலோடு சரி. இன்று அக்கா என் மேசை அருகே வந்து நின்றார்.

"நாளைக்குக் கழுவறேன். தண்ணி ஊத்த ஒரு ஆள் வேணும். மோதிரம், வளையல் எல்லாம் கழட்டிட்டு வா."

இப்போதே கழற்றி வைத்துவிட்டேன்.