வராத புகைக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

மார்ச் 4, செவ்வாய்

நான் பாத்ரூம் போயிருந்த நேரத்தில் என்னைப் புகை அதிகாரி ஆக்கிவிட்டார்கள்.

சோப்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆறு மாதத்தில் லாரிப் புகையை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் லோடு வேறு ஆளுக்குப் போய்விடும். "யாரு பாத்துக்கறீங்க?" என்று முதலாளி கேட்டதும் எல்லோரும் என் காலி நாற்காலியைப் பார்த்தார்களாம். பதினாறு வருடமாக வண்டிகளுக்கு லோடு பிரித்துக் கொடுக்கிறேன். புகையைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாடியில் காயும் துணி கறுக்கும்.

வீட்டில் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். இதே கம்பெனியில்தான் லாரி ஓட்டுகிறார். "அதிகாரியம்மா, என் வண்டியத்தான் முதல்ல நிறுத்துவீங்க போல." சிரிப்பு பாதியில் நின்றது. இருப்பதிலேயே பழைய வண்டி இவருடையது. சோப்பு போனால் முதலில் நிற்பதும் அதுதான்.

மார்ச் 6

இரண்டு வருட டிரிப் ஷீட்டை எல்லாம் பார்த்து முடித்தேன். இங்கிருந்து துறைமுகத்துக்குச் சோப்பு போகிறது. திரும்பும்போது எல்லா வண்டியும் காலி. இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் காற்றை ஏற்றி வருகிறோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளியின் தம்பி கம்பெனி. அவர்கள் வண்டி காலியாகத் துறைமுகம் போய், அச்சகத்துக்குக் காகித உருளை ஏற்றி வருகிறது. தினமும் பாதி வழியில் நம் சோப்பும் அவர்கள் காற்றும் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. சாயங்காலம் அவர்கள் காகிதமும் நம் காற்றும்.

ஒரே வண்டி போகச் சோப்பு, வரக் காகிதம் ஏற்றினால் போதுமே! இவ்வளவு சுலபமா?

மார்ச் 7

சுலபமில்லை.

"அவன் பேச்ச எடுக்காதே!" என்று முதலாளி கத்தினார். அண்ணன் தம்பி பேசி ஒன்பது வருடம் ஆகிறது. காரணம் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் பார்த்த ஜன்னலைக்கூட முதலாளி செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அந்த அறையில்தான் எனக்கு மேசை.

மார்ச் 11

முதலாளிக்கு யோசனை உதித்துவிட்டது.

"வண்டி காலியா வரக்கூடாது. அவ்வளவுதானே?"

"ஆமா சார்."

"மண்மூட்டை ஏத்து."

திரும்பும் வழிக்கு மண் வேண்டுமானால், போகும்போதே சோப்போடு அதுவும் போக வேண்டும். வண்டிக்கு நாற்பது மூட்டை.

மார்ச் 20

கம்ப்யூட்டரில் "காலி வண்டி: பூஜ்யம்" என்று வந்து பக்கத்தில் ஒரு பச்சை இலை முளைத்தது. முதலாளி அதை பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

ஏப்ரல் 2

துறைமுகக் காவலாளி இவரை நிறுத்தியிருக்கிறார்.

"என்ன சரக்கு?"

"மண்ணு."

"எதுக்குக் கொண்டு வந்தே?"

"திருப்பி எடுத்துட்டுப் போக."

இரண்டு மணி நேரம் உட்கார வைத்து விசாரித்தார்களாம். "என் தப்பு என்ன, சொல்லு. அந்தாளு கேட்டதுக்கு உண்மையத்தானே சொன்னேன்?" பாவமாக இருந்தது. மண் போட்டதிலிருந்து வண்டி மேட்டில் ஏறவே மூச்சு வாங்குகிறது என்கிறார்.

ஏப்ரல் 9

மார்ச் மாத டீசல்: ஏழு சதவீதம் கூடியிருக்கிறது. புகையைக் குறைக்கச் சொன்னால் கூட்டி வைத்திருக்கிறேன். பச்சை இலை மட்டும் அப்படியே சிரிக்கிறது.

மதியம் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதேன். அழுது முடித்த தைரியத்தில், பக்கத்துக் கம்பெனியில் லோடு பிரிக்கிறவளுக்குப் போன் செய்தேன். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட முகம் பார்த்ததில்லை.

"நீங்கதானா அது! வரிசையா அஞ்சு தும்மல் தும்முவீங்களே? சுவர் வழியா கேட்கும்க்கா."

அவளையும் புகை அதிகாரி ஆக்கியிருக்கிறார்கள். அச்சகக்காரர்களும் அவர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறார்களாம். அவள் முதலாளி வண்டியில் பழைய டயர் ஏற்றச் சொல்கிறாராம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

ஒரு நாள் எங்கள் வண்டி, ஒரு நாள் அவர்கள் வண்டி. சோப்போடு போய்க் காகிதத்தோடு வருவது. மண்ணும் வேண்டாம், டயரும் வேண்டாம். நிற்கிற வண்டியை யாராவது கேட்டால் "சர்வீஸ்." முடிவு செய்துவிட்டோம். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். இது முதலாளிக்குத் தெரிந்தால்?

ஏப்ரல் 16

இவர்தான் முதல் ஆள். காகிதத்தோடு பக்கத்து கேட்டுக்குள் நுழைந்தார். வாட்ச்மேன் சல்யூட் அடித்தானாம். கம்பெனி மாறி வந்துவிட்டதாக நினைத்து இவரே ஒருமுறை இறங்கிப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டாராம்.

மே 8

"ஒருநாள் விட்டு ஒருநாள் வண்டி நிக்குது. அப்புறம் பாதிப் பேரு எதுக்குன்னு கேப்பாங்களே?" டிரைவர்கள் கேட்டது நியாயம்.

இன்று வீட்டில் இருந்த இவர், சமையலறை டப்பாக்களை லோடு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார். கனமானதெல்லாம் அடியில், கயிறு போட்டுக் கட்டி. உப்பை எடுக்கக் கட்டு அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

டீசல் முப்பத்தொரு சதவீதம் குறைந்துவிட்டது!

முதலாளி என் மேசையைத் தட்டினார். "பாத்தியா? மண்ணு வேலை செய்யுது." இன்னும் ஐம்பது மூட்டைக்குச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 26, வியாழன்

எல்லாம் போச்சு.

சோப்புக் கம்பெனி அனுப்பிய தணிக்கைக்காரர் வந்தார். அச்சகத்துக் கணக்கையும் அவரேதான் பார்க்கிறாராம். இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நின்றுபோன டிரிப் இங்கேயும் முந்நூறு, அங்கேயும் அதே முந்நூறு. பாதி எங்களுடையது, பாதி அவர்களுடையது. சந்தோஷத்தில் நானும் அவளும் ஆளுக்கு முழுசாகப் புகைக் கணக்கில் எழுதித் தொலைத்திருக்கிறோம்.

"ஒரே புகைய ரெண்டு பேர் குறைக்க முடியாதுங்க. இது யாரோட புகை?"

முதலாளி என்னைப் பார்த்தார். ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். மண் எங்கே என்றார். பின்பக்கம் கொட்டிக் கிடக்கிறது, அதில் புல் முளைத்துவிட்டது என்றேன்.

"நாளைலேர்ந்து நீயும் வராதே, உன் புருஷனும் வர வேண்டாம்."

ஜூன் 27

இரண்டு பேரும் வீட்டில். இருவருக்கும் பசி இல்லை.

ஜூன் 30, திங்கள்

இரண்டு முதலாளிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்தப் புகை யாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விவரம் சொல்ல நாங்கள் இருவரும் பக்கத்துக் கம்பெனிக்காரியும் வேண்டும். தணிக்கைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். போனோம்.

தம்பி உள்ளே வந்ததும் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பத்து நிமிடம் இருவரும் தணிக்கைக்காரரிடம் மட்டும் பேசினார்கள். பிறகு எப்படி ஆரம்பித்ததோ—

"என் வண்டி ஓடினதாலதான்டா உன் வண்டி நின்னுச்சு!"

"நின்ன வண்டி என்னுதுதானே? அப்ப அதுலேர்ந்து வராத புகையும் என்னுது!"

"வராத புகைக்கு உனக்கென்னடா உரிமை?"

"சின்ன வயசுலேர்ந்து நீ இப்படித்தான். எனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட, உன்கிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு சொல்லுவே!"

தணிக்கைக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். கதவோரம் நின்ற இவருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"சார், நீங்க ரெண்டு பேருமே ஒண்ணும் குறைக்கல. ரெண்டு வண்டி ஓட வேண்டிய இடத்துல நாங்க ஒண்ணு ஓட்டினோம். இவங்க ரெண்டு பொம்பளைங்களும் போன்ல பேசிக்கிட்டாங்க. அவ்வளவுதான்."

எனக்கு வரிசையாகத் தும்மல் வந்தது.

"பாதிப் பாதின்னு போட்டுடலாமா, அண்ணே?" என்றார் தம்பி. 'அண்ணே' என்ற வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது. அவர் முகமே சொன்னது. அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார். பேனாவைத் தேடினார். தம்பி தன் பேனாவை நீட்டினார்.

எங்களை மறுபடி வேலைக்கு வரும்படி யாரும் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் மறுபடி சொல்லவில்லை.

ஜூலை 1

போனேன். ஃபேனைப் போட்டு உட்கார்ந்தேன். இவரும் சாவியை எடுத்துக்கொண்டு போனார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புகை குறைந்ததைப் பார்த்து சோப்புக் கம்பெனி வேறொரு தடத்தையும் நம்மிடம் தந்திருக்கிறது. இரண்டு பக்கத்திலும் எந்த வண்டியும் சும்மா நிற்கவில்லை. ஒரு டிரைவரையும் நிறுத்தவில்லை.

நாலு மணிக்கு முதலாளி சட்டையை மாற்றிக்கொண்டு பக்கத்துக் கம்பெனிக்குக் கிளம்பினார். அன்றைய சண்டையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறதாம். இது மூன்றாவது வாரம். ஆறு மணிக்கு அங்கிருந்தே போன் செய்தார்.

"நாளைக்கு லோடு லிஸ்ட்ட ரெண்டு கம்பெனிக்கும் சேத்தே போட்டுடும்மா. எனக்குத் தோணின யோசனை."

பின்னால் தம்பியின் குரல் கேட்டது. "பொய் சொல்லாதண்ணே, அது நான் சொன்னது."