கேமரா யார் பேச்சைக் கேட்கிறது

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் நின்றுவிட்டது இந்தக் கேமரா சனியன்.

ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு, நான்காம் அறை. கொண்டுவிட வந்த வீட்டுக்காரர் இன்னும் வாசலில். அதிகாலையில் பிறந்த பெண் குழந்தை. ஜன்னல் வெளிச்சம் தானாக வந்து அதன் முகத்தில் விழுந்திருக்கிறது. முகத்தைச் சுருக்கி, வாயைத் திறந்து, உடம்பே குலுங்குகிற மாதிரி ஒரு கொட்டாவி. அழுத்தினேன். ஒன்றும் இல்லை. திரை கறுப்பு. எந்தப் பொத்தானைத் தட்டினாலும் கல்லைத் தட்டுவது போலத்தான். பேட்டரியைக் கழற்றி, ஊதி, திரும்பப் போட்டு எழுப்புவதற்குள் கொட்டாவி முடிந்து அழுகை ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மா பால் கொடுக்க எடுத்துக்கொண்டாள். "பரவால்லக்கா, இப்படியே எடுங்க, எனக்கு மட்டும்தானே" என்றாள். தலையாட்டினேன். எடுத்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் கொட்டாவி போச்சே!

பெரிய சிஸ்டர் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வார்டுக்கே தலைமை நர்ஸ். "என்னம்மா, மிஷின் மக்கர் பண்ணுதா?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்த வார்டுக்குள் இதுவரை படம் எடுக்கிறவர் யாரையும் விட்டதில்லை. பெண் என்பதால் என்னை விட்டிருக்கிறார், இந்த ஒரு மாதம் மட்டும். சரியாக வந்தால் நிரந்தரமாக எனக்கே. அவர் போட்டது ஒரே சட்டம்: "இந்த ரூம்ல எடுக்கற படம் உன் கை, அந்தத் தாய் கை, ரெண்டைத் தாண்டி எங்கயும் போகக்கூடாது." தலையாட்டி வந்திருக்கிறேன்.

பத்து வருஷம் ஸ்டூடியோ முதலாளியின் பல்லிளிப்பைச் சகித்துக்கொண்டு அடுத்தவன் கேமராவில் எடுத்தேன். இது என் சேமிப்பில் வாங்கியது. எனக்கென்று வாங்கியதுதான் இப்படி வாய்க்க வேண்டுமா?

மார்ச் 4, புதன்

புது பேட்டரி போட்டேன். அப்படியும் நின்றது.

மார்ச் 5, வியாழன்

புது கார்டு போட்டேன். பழையதையும் துடைத்து ஃபார்மேட் செய்தேன். லென்ஸைக் கழற்றி மாட்டினேன். வீட்டுக் கூடத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது ஐந்தாவது படத்திலேயே உறைந்துபோனது. பேட்டரி வேறு, ராத்திரி முழுசாக ஏற்றி வைத்தால் காலையில் பாதிதான் இருக்கிறது. பைக்குள் தூங்குகிற கேமரா எதைத் தின்கிறது?

வீட்டுக்காரர் சோபாவில் போனும் கையுமாக, "நீ அமுக்கறதுதான் சரியில்ல. நான் எல்லாத்தையும் ஒழுங்கா செட் பண்ணித்தானே கொடுத்தேன்" என்றார்.

மாமியார் சும்மா இருப்பாரா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

பத்து வருஷம் ஆடியவள் நான். வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

செட் பண்ணிக் கொடுத்தார், உண்மைதான். பெட்டி வந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். தேதி, நேரம், பதிவு எல்லாம் அவரே போட்டுவிட்டார், அவர் நம்பரில். இந்த வீட்டில் எதுவும் அப்படித்தான். கேஸ், கரண்ட், என் பாங்க் கணக்கு, என் மெயில், என் சிம் எல்லாமே அவர் பேரில், அவர் போனுக்கு வருகிற ரகசிய எண்ணில். கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார்: "குடும்பத்துக்கு ஒரு நம்பர் போதும்." எனக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. தலைவலி மிச்சம் என்று.

மார்ச் 7, சனி

சர்வீஸ் சென்டர். வீட்டுக்காரர் ஆபீஸ் போய்விட்டதால் தனியாக பஸ்ஸில் போனேன். சர்வீஸ்காரர் என் கண்முன்னே நூறு படத்துக்கு மேல் தட்டினார். ஒரு தடவைகூட நிற்கவில்லை! என்னைத் தலைகுனிய வைக்கவென்றே நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது.

"நல்லாத்தானே இருக்கு மேடம்?"

"என்கிட்ட மட்டும்தான் ஆடுது சார்."

சிரித்தார். எரிச்சலாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே இருந்த செட்டிங் எல்லாவற்றையும் அழித்து, கம்பெனியிலிருந்து வந்தபடி ஆக்கிக் கொடுத்தார்.

மார்ச் 9, திங்கள்

நிற்கவில்லை! காலையிலிருந்து மாலை வரை வார்டில், ஒரு தடவைகூட! ஒரு குழந்தை அம்மாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. மொத்தமும் எடுத்தேன். பெரிய சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு "மூக்கு பத்திரமா இருக்கா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ஜோக்.

சாயங்காலம் வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்தார். "தேதி தப்பா இருக்கே, எல்லாம் அழிஞ்சு போச்சா? கொண்டா." அரை மணி நேரம் உட்கார்ந்து மறுபடியும் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். பொறுப்பான மனுஷன்.

மார்ச் 11, புதன்

தூ!

வீட்டுக்காரருக்கு லீவு. கொண்டுவிட்டவர், "இருந்து கூட்டிட்டே போறேன்" என்று வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே கேமரா மூன்று தடவை செத்தது. மூன்றாவது தடவை ஒரு அப்பா முதன்முதலாகக் குழந்தையைக் கையில் வாங்குகிற நேரம். அந்த மனுஷன் கையை நீட்டியபடி என்னைப் பார்க்கிறார், நான் பேட்டரி மூடியை நகத்தால் நெம்பிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய சிஸ்டர் வராந்தாவில் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும்மா. பிள்ளைங்க உனக்காக மறுபடி பொறக்குமா?"

பட்ட காலிலே படும். கறுத்துப்போன திரையின் மூலையில் குட்டியாக ஒரு போன் படம் மட்டும் மினுக்கியது. அதையும் முறைத்துப் பார்த்தேன். இதைக் கழுவித் துவைத்துக் கொடியில் காயப்போட வேண்டும். அவ்வளவு வெறுப்பு.

மார்ச் 15, ஞாயிறு

எப்படி எழுதுவது? வரிசையாக எழுதுகிறேன்.

மதியம். மாமியார் கூடத்தில் தூக்கம். வீட்டுக்காரர் படுக்கையறையில். நான் சமையலறை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேமரா ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

சளக்.

பல்லியாக இருக்கும் என்று விட்டேன். மறுபடி சளக். எடுத்துப் பார்த்தேன். உள்ளே புதிதாக இரண்டு படம். இடுப்பில் செருகிய புடவையும், குனிந்த முதுகும், கையில் துணியுமாக நான். என் முதுகு! அறையில் வேறு யாருமே இல்லை. மூலையில் அந்தக் குட்டி போன் படம், மினுக் மினுக் என்று.

படுக்கையறைக்குப் போனேன். மல்லாந்து படுத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் போனில் என் சமையலறை ஓடுகிறது. என் கையில் கேமரா ஆட ஆட அதுவும் ஆடுகிறது.

"பயந்துட்டியா? இங்கிருந்தே எடுக்கலாம் தெரியுமா?"

போனைக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். பிடுங்கினேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து எதையும் பிடுங்கியதில்லை.

எல்லாம் இருந்தது. நான் எடுத்த ஒவ்வொன்றும். முதல் நாளிலிருந்து. ஒவ்வொரு படத்துக்கும் கீழே எந்த இடம், எத்தனை மணி என்று வரைபடத்தோடு. அவர் போன் பக்கத்தில் இருந்தாலே கேமரா படங்களை அதற்கு இறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர் திறந்து பார்க்கிற நேரமெல்லாம் என் பொத்தான்கள் பூட்டிக்கொள்கின்றன. அவ்வளவுதான் கோளாறு. பேட்டரியும் இல்லை, கார்டும் இல்லை. நான் அமுக்கினால் கேட்காது, அவர் தொட்டால் கேட்கும். என் காசில் வாங்கின கேமரா!

"நான் எங்க பார்த்தேன், அது தானா வந்து விழுது" என்றார்.

தானா வருதாம். தானா போகுமா? அவருடைய ஆபீஸ் நண்பர்கள் குழுவைத் திறந்தேன். நான்காம் அறை. பால் கொடுக்கிற அந்த அம்மா. கீழே இவர் எழுதியது: 'என் வீட்டம்மா எடுத்தது. எப்படி?' அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒருத்தன் கேட்டிருக்கிறான்: 'அடுத்தது எப்போ?'

அடுத்தது எப்போவா? ஏன்யா, உனக்கு ஒரு பொம்பள பிள்ளைக்குப் பால் கொடுக்கறது அடுத்தது எப்போன்னு கேக்கற படமாய்யா? கத்திட்டேன். மாமியார் எழுந்து வந்துட்டாங்க. "பெருமையாத்தானே அனுப்பினேன்"னு இவர் சொல்றார். பெருமையாம்! "எனக்கு மட்டும்தானே"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சே — நான்தானே தலையாட்டினேன்!

மார்ச் 16, திங்கள்

அவர் போனில் இருந்ததையெல்லாம் என் கண்முன்னே அழிக்க வைத்தேன். குழுவிலிருந்தும் எடுக்க வைத்தேன். மற்றவர்கள் போனில்? யாருக்குத் தெரியும்.

கேமராவைக் குணப்படுத்தப் போய், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

மாமியார்: "புருஷன் போன்லதானே இருந்துச்சு? வேத்தாள் போன்லயா இருந்துச்சு?" அந்த அம்மாவுக்கு என் புருஷன் வேற்றாள்தானே அத்தை என்றேன். டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

வீட்டுக்காரர் ராத்திரி சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தார். "அந்த நர்ஸ்கிட்ட சொல்லிடாத. வேலை போயிடும். தெரியாத வரைக்கும் யாருக்கும் கஷ்டமில்ல."

அவர் சொல்வது ஒரு விதத்தில் சரி. அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

உடம்பு சரியில்லை என்று வார்டுக்குப் போகவில்லை. பொய். சொல்லணுமா? சொன்னா எல்லாம் போச்சு. சொல்லலேன்னா அந்த வாசல்ல எப்படிச் செருப்பைக் கழட்டுவேன்?

மார்ச் 18, புதன்

சொல்லிவிட்டேன்.

பெரிய சிஸ்டர் குறுக்கே பேசவேயில்லை. முடித்ததும் ஒரே கேள்வி: "யார் படம்?" சொன்னேன். என் முன்னாலேயே அந்த அம்மாவுக்கு போன் போட்டு, என்னையே பேச வைத்தார்.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கும் சத்தம்.

"எத்தனை பேர் பார்த்தாங்கக்கா?"

சொன்னேன்.

"நீங்க மன்னிப்புக் கேக்காதீங்க. அனுப்பினவரு பேசட்டும். எல்லார் போன்லயும் அழிச்சாச்சுன்னு அவர் வாயால சொல்லட்டும்." வைத்துவிட்டாள்.

பெரிய சிஸ்டர்: "உன் வீட்டுக்காரர் அந்தப் பொண்ணுகிட்ட பேசின பிறகு வா. அதுவரைக்கும் கேமராவை மூடி வை."

மார்ச் 21, சனி

"முன்ன பின்ன தெரியாத பொம்பளைகிட்ட நான் என்னன்னு பேசறது?" இதையே மூன்று நாளாகச் சொல்கிறார். முன்பின் தெரியாத பெண்ணின் படத்தை அனுப்பும்போது இந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. மாமியார் டி.வி.யோடு பேசுகிறார்.

மார்ச் 24, செவ்வாய்

பேசினார்.

அதற்கு முன்னால் ஆபீசில் ஒவ்வொருத்தன் மேசையாகப் போய் நின்று அழிக்கச் சொல்லியிருக்கிறார். 'அடுத்தது எப்போ' பேர்வழி சிரித்தானாம். "அவன் சிரிச்சப்பதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார். ஆக வேண்டியதுதான்.

போனில் நாக்கு உலர்ந்து, பாதி வார்த்தையில் இருமி, ஒருவழியாகச் சொல்லி முடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து "சரி" என்று ஒரே சொல். வைத்துவிட்டாள்.

"திருப்தியா?" என்றார் என்னிடம்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

பாவமாக இருந்ததா? கொஞ்சம். காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 27, வெள்ளி

என் பேரில் சிம் வாங்கினேன். கடைக்காரர், "வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க, அதுக்கு ஒரு மெசேஜ் வரும்" என்றார். அப்படி ஒரு நம்பர் இல்லாமல் முடியாதா என்றேன். முடியும் என்றார். முடியுமாம்! இத்தனை வருஷம் எவளாவது இதைக் கேட்டிருக்கிறாளா?

வீட்டுக்கு வந்து கேமராவில் இருந்த பழைய செட்டிங்கையெல்லாம் அழித்தேன். தேதியையும் நேரத்தையும் நானே போட்டேன். போனோடு சேர்க்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினேன்.

மார்ச் 30, திங்கள்

வார்டுக்குப் போகலாமாம். பெரிய சிஸ்டர் இன்னும் ஒரு மாதம் பார்ப்பாராம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிற யாராக இருந்தாலும் போன் அதில். பெரிய சிஸ்டரின் போனும் கிடந்தது.

வீட்டுக்காரர், "கொண்டுவிடட்டுமா?" என்றார். பஸ் இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 15, புதன்

நான்காம் அறை அம்மா வந்திருந்தாள், குழந்தைக்குத் தடுப்பூசி போட. அவளைப் பார்த்ததும் நான்தான் ஒதுங்கப் போனேன். அவளே கூப்பிட்டாள்.

"அன்னிக்கு அந்தக் கொட்டாவி விட்டுப்போச்சே, அக்கா."

தலையாட்டினேன்.

கையை நீட்டினாள். கேமராவைக் கொடுத்தேன். ஆன் பண்ணச் சொன்னாள், பண்ணினேன். மூலையில் மினுக்கிய போன் படத்தைப் பற்றி அன்று போனில் நான் சொன்னதை மறக்கவில்லை, திரையின் நாலு மூலையையும் விரல் வைத்துப் பார்த்தாள். போன் படம் எதுவும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"எடுக்கட்டுமா?"

"ம்."

ஊசி போட்டு அழுது களைத்த குழந்தை. கொட்டாவி விடும் விடும் என்று காத்திருந்தோம். விடவில்லை, தூங்கிவிட்டது. தூங்குவதை எடுத்தேன். அழுத்தினேன், படம் விழுந்தது.