வத்தல்மலையில் பிடுங்கிய செடி

ஞாயிறு, இரவு.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வத்தல்மலையில் பாறை இடுக்கில் பூத்திருந்த ஆர்க்கிட் செடியைக் கொழுந்தனார் வேரோடு பிடுங்கிப் பையில் திணித்தார். எதையும் தொடக் கூடாது என்று வனக்காவலர் கீழேயே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

“வூட்டுல தொட்டியில வெக்கலாம் அண்ணி. ஒன்னு எடுத்தா மலை கொறஞ்சிருமாங்க?”

“அங்க இருந்ததே ஒன்னுதாங்க” என்றேன். அவர் சிரித்தார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார்.

இறங்கியதும் காவலரிடம், “அந்தப் பையப் பாருங்கண்ணா” என்றேன். அவர் செடியை வெளியே எடுத்தார். வேர் அறுந்து, தண்டு ஒடிந்திருந்தது.

“எந்தம்பியப் போயி காட்டிக் குடுத்துட்டியே!” வழியெல்லாம் கணவர் கத்தினார். பிடுங்கியவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

கேட்க மாட்டேன். இனி அவனிடம் ‘ங்க’ போட்டும் பேச மாட்டேன்.