செங்கல் நிறத்தில் ஒரு காங்கேயம்

ஜன. 4, ஞாயிறு

பனி. குழந்தை கவினின் துணி எதுவும் காயவில்லை. காலை ஏழுக்கு, எங்கள் பனியன் துணி நிட்டிங் ஷெட்டுக்குப் பின்னால், பசு கன்று ஈன்றது. கிடாரி. இரண்டும் நலம். அழுதது நான்தான்.

ஆனால் கன்று செங்கல் நிறம்! தாய் வெள்ளைச் சாம்பல். "காளையும் காங்கேயந்தானுங்க" என்று சொல்லித்தான் சினைப்பசுவை விற்றார் மடத்துக்குளம் சரசு அக்கா. வீட்டில் மல்லுக்கட்டி வாங்கவைத்தவள் நான்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பர்கூர்க் காளை பூந்திருக்குது. ரெண்டையும் திருப்பி அனுப்பிரலாம்."

"ரெண்டு நாள் பொறுங்க."

ஜன. 5, திங்கள்

தேடிப் படித்தது:
பர்கூர் – மலைமாடு. செவலை, வெள்ளைத் திட்டுகள். ஆளைக் கண்டால் மிரளும்.
ஆலம்பாடி – கருஞ்சாம்பல். நெற்றி துருத்தும்.
காங்கேயம் – மயிலை, அதாவது சாம்பல். கட்டுடல்.

மூன்றுக்கும் மைசூர்ப் பக்கத்துச் சொந்தமாம். காங்கேயத்தில் ஓங்கோல் ரத்தமும் உண்டாம். ஒரே பந்தியில் உட்காரும் பங்காளிகள், ஆளுக்கொரு முகம்.

பனியன் கம்பெனி பீஸ் செக்கிங் போலக் கன்றைப் புரட்டிப் பார்த்தேன். வெள்ளைத் திட்டு இல்லை. ஆனாலும் நிறம்?

ஆர்டர் துணி பார்த்த பழைய மெர்ச்சண்டைசர் புத்தி. முதுகில், துணிக்கு நிறம் ஒப்பிடும் ஷேட் கார்டை வைத்துப் படமெடுத்து சரசு அக்காவுக்கு அனுப்பினேன்: "ஷேட் மேட்ச் ஆகலைங்க."

மாலை, மாமியாரின் தங்கை வந்தார். கவினைத் தூக்கி, "இவனும் யாரு சாடையும் இல்லியே கண்ணு!" மூன்று மாதக் குழந்தை. சிரித்துவைத்தேன். பிறகு கண்ணாடி முன் அவனையும் என்னையும் வெகுநேரம் பார்த்தேன்.

ஜன. 6, செவ்வாய்

அக்காவின் வாய்ஸ் மெசேஜ். பாதி சிரிப்பு. "ஏனுங்க அம்மணி, மாட்டுக்குமா ஷேட் கார்டு? காங்கேயங்கன்னு செவலையாத்தான் பொறக்கும். ஆறு மாசத்துல மயிலையாயிருமுங்க."

கூடவே ஒரு பழைய படம். எங்கள் பசுவேதான், கன்றாக. அதே செங்கல்!

வீட்டுக்காரரிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "செரி, ஆறு மாசம் இருக்கட்டும்."

போதும். கன்றுக்குப் பெயர்: செங்கா.

ஜூன் 28, ஞாயிறு

தூறல். செங்கா முழுச் சாம்பல். காதோரம் மட்டும் துளிச் சிவப்பு. பெயரை மாற்றப்போவதில்லை.

வந்தவர்களிடமெல்லாம் வீட்டுக்காரர்: "பொறந்தன்னிக்கே சொன்னேனுங்க, அசல் காங்கேயம்னு." கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

மாமியாரின் தங்கை மறுபடியும். "பையன் இன்னும் யாரு சாடைன்னே தெரியலியே?"

"ஆறு மாசம் பொறுங்க அத்தை. மயிலையாயிருவான்."

பக்கத்தில் இருந்த வீட்டுக்காரருக்குக் காபி புரையேறிவிட்டது.