மூன்றாம் எண் பதில்

என் பிரியத்துக்குரிய சூசை,

உன்னை மண்டாய் தகனச்சாலையில் விட்டுவிட்டு வந்து பதினோரு நாள் ஆகிறது. போன திங்கட்கிழமை ஒன்றைப் பார்த்தேன். இதை முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும். பொதுவில் பதிவாகப் போடுகிறேன், மற்றவர்களும் படிக்கட்டும். எனக்குக் கூச்சம்தான், ஆனாலும் படிக்கட்டும்.

சாங்கி சரக்குக் கிடங்கில் இருபத்தாறு வருடம் நீயும் நானும் எதிரெதிர் மேசை. ஓய்வு பெற்றபின் நான் சிராங்கூன் சாலையில் ஒரு மசாலா கடையின் மாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காக இணையப் பக்கத்தில் சமையல் குறிப்பு, கைவைத்தியக் குறிப்பு எழுதி வாடிக்கையாளரை ஈர்க்கும் குழு அது. சொன்னதும் நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "எழுபது வயசுல மார்க்கெட்டிங்கா அண்ணே? உங்க மூஞ்சிய நம்பி யாரு மல்லித்தூள் வாங்குவா?"

குழு என்றால் மூன்றே பேர். தலைவி கவிதா, என் மகள் வயதுகூட இல்லை. வீடியோ எடுக்கும் பிரவீன். தமிழ் எழுத நான். வருடத் தொடக்கத்தில் கவிதா, ஆளுக்கு ஓர் இலக்கு கொண்டுவரச் சொன்னாள். கூட்டத்தில் வாய் திறக்க எனக்கு எப்போதும் பயம், உனக்குத் தெரியும். ஒரு தாளில் எழுதி நீட்டினேன். வாசகர் எழுதும் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பதில்.

"சூப்பர் அங்கிள்! இதைக் கரெக்டா அளந்து காட்டலாம்," என்றாள். என் வாழ்க்கையில் நான் சொன்ன யோசனையை ஒரு கூட்டம் ஏற்றுக்கொண்டது அதுவே முதல் தடவை. அன்று சாயங்காலம் உனக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

ஒரு மணி நேரம் என்பது லேசான காரியமில்லை. அதனால் ஐந்து பதில்களை முன்கூட்டியே எழுதி எண் போட்டு வைத்துக்கொண்டேன். யார் எது எழுதினாலும் வரிசையாக ஒட்டிவிடுவேன். அறிக்கையில் ஒரு கருத்துகூடத் தவறவில்லை. பிரவீன் கைதட்டினான். கவிதா எல்லோருக்கும் கறிபாப் வாங்கித் தந்தாள். நான் இரண்டு சாப்பிட்டேன்.

அதோடு நிறுத்தினேனா? நீ ஒருநாள் போனில், "ரசம் பதிவு நல்லா இருக்கு லா, ஆனா பூண்டு ஜாஸ்தி," என்றாய். "போன்ல சொல்லாதே சூசை, பதிவுக்குக் கீழ எழுது. அங்க எழுதினாத்தான் எங்களுக்குக் கணக்கு," என்றேன். "சரி அண்ணே. இனிமே நான் உங்க கம்பெனி ஆளு," என்றாய்.

சொன்னபடியே செய்தாய். தினமும் காலையில் உன் பெயர் அங்கே இருக்கும். போன் குறைந்துபோனது. அது குறைந்ததை நான் கவனிக்கவே இல்லை என்று சொன்னால் நம்புவாயா? அல்லது, அண்ணனுக்குத் தொந்தரவு, இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று நீயே நினைத்துவிட்டாயா?

மார்சிலிங்கில் உன் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி வெள்ளிக்கிழமை கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போலீசை அழைத்தார். மாரடைப்பு என்றார்கள். திடீரென்று வந்தது, யாருக்கும் தெரியவில்லை என்று உன் மகனிடம் நானே சொன்னேன். தேவாலயத்திலும் நாலு பேரிடம் அதையே சொன்னேன்.

திங்கட்கிழமை, மாத அறிக்கைக்கு நல்ல கருத்தாக ஒன்றிரண்டு எடுத்துத் தரும்படி கவிதா கேட்டாள். கருத்துகளை அன்றுதான் நான் படித்தேன் சூசை. அதுவரை எண்ணினேன், ஒட்டினேன், படிக்கவில்லை.

சீரகத் தண்ணீர் பற்றிய பதிவு. அந்த வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை. நீ எழுதியிருந்தாய்: "அண்ணே, ரெண்டு நாளா நெஞ்சு எரியுது. இடது தோளும் வலிக்குது. சீரகத் தண்ணி குடிச்சா சரியாயிடுமா?"

அதற்குக் கீழே, ஆறு நிமிடத்தில், என் மூன்றாம் எண் பதில்: "உங்கள் அன்பான கருத்துக்கு மிக்க நன்றி. தொடர்ந்து எங்களோடு இணைந்திருங்கள்."

அதற்கும் கீழே நீ: "சரி அண்ணே."

அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம்? குடித்துப் பார்க்கிறேன் என்றா? நான் உன்னைக் கைவிட்டேன் என்று புரிந்துகொண்டாயா? இல்லை, அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாயா? மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதைப் படித்திருந்தாலும் நான் என்ன எழுதியிருப்பேன்? குடித்துப் பார், வாயுவாக இருக்கும் என்று எழுதியிருப்பேனோ? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் தோள் வலி என்ற வார்த்தை கண்ணில் பட்டிருந்தால் போனை எடுத்திருப்பேன். அவ்வளவாவது செய்திருப்பேன் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

மறுநாள் அடுத்த காலாண்டு இலக்குகளுக்கான கூட்டம். சொல்ல வேண்டியதை நான்கு முறை எழுதிப் பார்த்துக்கொண்டு போனேன். கடைசியில் தாளை எடுக்கவில்லை, போனைத்தான் நீட்டினேன். கவிதா படித்தாள்.

"இது... தினமும் குட் மார்னிங் போடுவாரே, அந்த சூசை அங்கிளா?"

"ஆமாம்மா. பதில் போட்டது நான். இலக்கு வச்சதும் நான்."

பிரவீன் மெதுவாக, "அங்கிள், அந்த ரிப்ளைய டெலீட் பண்ணிடவா? யாராச்சும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தா பிரச்சினை லா," என்றான். கெட்ட பிள்ளை இல்லை, என்னைக் காப்பாற்றப் பார்த்தான்.

"வேணாம். இருக்கட்டும். ஒரு மணி நேரக் கணக்கை எடுத்துடுங்க. கேள்வி கேட்டவங்களுக்கு நாம படிச்சுப் பதில் சொன்னோமா, அதை இலக்கா வைங்க."

"பாஸ் எவ்வளவு சதவீதம்னுதான் கேட்பாரு அங்கிள். இப்ப நூறு காட்டுறோம். படிச்சுப் பதில் சொல்ல ஆரம்பிச்சா பாதிகூட வராது. நான் போய் என்ன சொல்ல?" என்றாள் கவிதா.

"பாதின்னு சொல்லும்மா."

கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையில் முதல் வரியாக இருந்த ஒரு மணி நேர இலக்கை அழித்தாள். முதலாளி நிரந்தரமாக ஒப்புக்கொள்வாரா என்று தெரியாது. இந்த மாதம் மட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறார். பழைய கருத்துகளை முதலிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். பதில் கிடைக்காத கேள்விகள் எத்தனை தெரியுமா? கர்ப்பிணிப் பெண் ஒருத்தி பெருங்காயம் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குப் போனது முதல் எண் பதில்.

நேற்று ஈசூனிலிருந்து ஓர் அம்மா, வெந்தயப் பதிவுக்குக் கீழே, சர்க்கரை மாத்திரையோடு வெந்தயமும் சாப்பிட்டதில் தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தார். எங்கள் இணையப் பக்கத்தின் வழியாகவே அழைத்தேன். "யாரு நீங்க? ஸ்கேமா? வெந்தயம் விக்கப் போன் பண்றீங்களா?" என்று திட்டித் தீர்த்தார். "இல்லம்மா, வெந்தயத்தை நிறுத்துங்க, இன்னிக்கே டாக்டரைப் பாருங்க," என்றேன். பட்டென்று வைத்துவிட்டார். போனாரா என்று தெரியவில்லை. இதை முடித்துவிட்டு மறுபடி அழைக்கப் போகிறேன். திட்டினால் திட்டட்டும்.

உன் மகனிடம் திடீரென்று வந்தது என்று சொன்னேன் அல்லவா, அது பொய்யாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவனைப் பார்த்து, அந்தச் சீரகப் பதிவைக் காட்டி, என் வாயாலேயே சொல்கிறேன். அவன் என்னோடு அதன்பிறகு பேசாமல் போகலாம். அது அவன் இஷ்டம். நான் போவேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ கேட்டதைப் படிக்காமல் போன
உன் அண்ணன்,
ராமலிங்கம்